உள்ளாட்சிப் பயிற்சி, தமிழ்நாடு

உள்ளாட்சி அமைப்புகளின் அலுவலர்களுக்கும், அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தலைவர், உறுப்பினர்களுக்கும் வேலையைக் கற்பிக்க நடத்தப்படும் வகுப்புகள், மாநாடுகள், அதற்கென வெளியாகும் கையேடுகள், இதழ்கள் ஆகியவற்றின் பொதுப்பெயர். தமிழ்நாட்டில் இது ஊரகப் பயிற்சி, நகர்ப்புறப் பயிற்சி என இரு கிளைகளாக நடைபெறுகிறது. ஊரகக் கிளைக்கே எழுத்துச் சான்றுகள் மிகுதி.

விடுதலைக்கு முன்

1882 மே 18 அன்று ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், உள்ளாட்சியை நிர்வாகச் சிக்கனமாகப் பார்க்கவில்லை. மக்களுக்கான அரசியல் கல்வியாகவே பார்த்தது. அந்தக் கல்விக்கு ஆசிரியர் யார், பாடம் எது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் அமைந்த ஜில்லா போர்டு, தாலுகா போர்டு உறுப்பினர்கள் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியே தொழில் கற்றனர். குமாஸ்தாக்கள் தம் மூத்தவர் எழுதிய கோப்பைப் பார்த்து எழுதினர். 1926இல் பம்பாயில் தோன்றிய அகில இந்திய உள்ளாட்சி நிறுவனம்தான் நகராட்சி ஊழியர்களுக்கெனப் பட்டய வகுப்புகளை முறையாக நடத்தியது. தெற்கே, அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராமப் புனரமைப்பு மையம் நடத்தினார். தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் அங்கு முதன்மைப் பாடங்கள். உள்ளாட்சிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் ஊழியரைக் கிராமத்திலேயே தங்கவைத்துப் பழக்கும் முறைக்குத் தென்னகத்தில் அதுவே முன்மாதிரி.

பிர்கா திட்டமும் ஆசிரமங்களும்

சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் முன்னோடியாக உத்தரப்பிரதேசத்தின் எட்டாவாவில் 1948இல் தொடங்கிய முயற்சியைக் குறிப்பிடுவது வழக்கம். சென்னை மாகாணத்தின் பிர்கா வளர்ச்சித் திட்டம் அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது. 1946இல் பிரகாசம் அமைச்சரவை 34 பிர்காக்களில் (பிர்கா என்பது தாலுகாவின் உட்பிரிவு) இதைத் தொடங்கியது. கிணறு, சாலை, கதர், சுகாதாரம் எல்லாவற்றையும் ஒரே ஊழியர் கவனிக்க வேண்டும் என்ற கருத்து இங்கேயே உருப்பெற்றுவிட்டது. அத்தகைய ஊழியர்களைத் தருவதற்கு அரசிடம் அப்போது கல்லூரி கிடையாது. காந்திய ஆசிரமங்கள் இருந்தன. மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன், திண்டுக்கல் அருகே டி.எஸ். சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமம் இரண்டும் குறிப்பிடத்தக்கவை. பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் இறுதிக் காலத்தில் கல்லுப்பட்டியில் குடியிருந்தார். அரசு மையங்கள் பிற்காலத்தில் எத்தனை வந்தாலும், பயிற்சி பெறுபவரே கழிப்பறையைத் துப்புரவு செய்து, அடுப்பு மூட்டிச் சமைத்து, பிறகு வகுப்பில் உட்காரும் ஒழுங்கு ஆசிரமங்களோடு நின்றுவிட்டது.

கிராம சேவக் பயிற்சி

1952 அக்டோபர் 2 அன்று 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. திட்டத்தின் கடைநிலை ஊழியர் கிராம சேவக். ஓர் ஊழியருக்குப் பத்துக் கிராமங்கள் என்பது பொதுக் கணக்கு. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு நாடெங்கும் விரிவாக்கப் பயிற்சி நிலையங்கள் திறக்கப்பட்டன. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய விவசாயக் குடும்பத்து இளைஞர்களை எடுத்து முதலில் ஆறு மாதம் பயிற்றுவித்தனர். அது போதாது என்று கண்டு காலத்தைப் படிப்படியாக நீட்டி இரண்டு ஆண்டாக்கினர். பெண்களுக்கு மனையியல் பிரிவு தனியே இருந்தது. அதில் தேறியவர் கிராம சேவிகா.

வகுப்பறையைவிட வயலில் கழிந்த நேரமே அதிகம். ஜப்பானிய முறை நெல் சாகுபடிக்குக் கயிறு பிடித்து வரிசை நடவு செய்வது, கொழுஞ்சியையும் தக்கைப்பூண்டையும் மடக்கி உழுவது, கம்போஸ்ட் குழியை அளந்து வெட்டுவது, உறிஞ்சுகுழிக்குக் கல்லடுக்குவது, மாட்டுக்குத் தடுப்பூசி போடுவது எனக் கைவேலையாகவே பாடம் நகர்ந்தது. மாலையில் முதியோர் கல்வி வகுப்பு. இரவில் அன்றைய வேலையை நாட்குறிப்பில் எழுத வேண்டும். வேலையில் சேர்ந்த பின்னும் இந்த நாட்குறிப்பு விடாது. வட்டார வளர்ச்சி அலுவலர் அதைப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே பயணப்படி கிடைக்கும். நாளடைவில் சைக்கிள் மிதித்த தூரத்தைவிட எழுதிய தூரம் கூடிப்போன நாட்குறிப்புகளும் உண்டு.

பல்தொழில் ஊழியர் முறை தோற்றது என்று வேளாண் துறையினர் கூறுவர். தோற்றது முறையன்று, ஒருவர் தலையில் ஏற்றிய பரப்பே காரணம். தமிழ்நாட்டில் 1980களின் தொடக்கத்தில், உலக வங்கி ஆதரித்த ‘பயிற்சியும் பார்வையிடலும்’ திட்டத்தால் விரிவாக்கப் பணி வேளாண் துறையின் தனிச்சொத்தானது. ஊர்நல அலுவலர் எனப் பெயர் மாறிய கிராம சேவக் கட்டட வேலைகளையும் கடன் விண்ணப்பங்களையும் பார்ப்பவரானார். பழைய பயிற்சி மரபின் வழியில் பவானிசாகர், கிருஷ்ணகிரி, பட்டுக்கோட்டை, எஸ்.வி. நகரம், தே. கல்லுப்பட்டி ஆகிய ஐந்து ஊர்களில் மண்டல ஊரக வளர்ச்சி நிறுவனங்கள் இயங்குகின்றன.

மாநாடுகளும் இதழ்களும்

சமுதாய வளர்ச்சித் துறையில் ஆண்டுதோறும் கூடிய வளர்ச்சி ஆணையர்கள் மாநாடு வெறும் சடங்கன்று. ஊழியர் எண்ணிக்கை, பயிற்சிக் காலம், பாடத்திட்டம் ஆகியவை அங்கே விவாதித்து வகுக்கப்பட்டன. துறையின் மத்திய அமைச்சர் எஸ்.கே. டே மாநாட்டுப் பேச்சிலும் கடிதத்திலும் ஆட்சி செய்தவர். திட்டத்தோடு சேர்ந்தே பிறந்த ‘குருக்ஷேத்ரா’ இதழ் களத்துச் செய்திகளைச் சுமந்தது. மூத்த அலுவலர்களுக்காக 1958இல் மசூரியில் தொடங்கிய ஆய்வு, பயிற்சி நிறுவனம் 1960களின் நடுவில் ஹைதராபாதுக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் நிறுவனமாக உள்ளது.

மாநாடொன்று அரசியல் சட்டத் திருத்தம் வரை இட்டுச்சென்றதும் உண்டு. 1987 டிசம்பர் முதல் 1988 ஜூன் வரை பிரதமர் ராஜீவ் காந்தி மாவட்ட ஆட்சியர்களைப் போபால், ஹைதராபாத், இம்பால், ஜெய்ப்பூர், கோயம்புத்தூர் ஆகிய ஐந்து நகரங்களில் சந்தித்தார். கோவையோடு நிறைவுற்ற இந்த வரிசையிலிருந்தே, ஊராட்சிகளை அரசியல் சட்டத்தில் இடம்பெறச் செய்யும் 64ஆவது திருத்த மசோதாவுக்கான சிந்தனை வளர்ந்தது. மசோதா 1989இல் மாநிலங்களவையில் தோற்றது. அதன் சாரம் 73ஆவது திருத்தமாக 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர்களைப் பற்றி முதலில் கலந்தாலோசிக்கப்பட்டவர்கள் ஆட்சியர்கள் என்பது இந்திய உள்ளாட்சிக்கே உரிய விசித்திரம்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கான பயிற்சி

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960–61இல் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது, ஒன்றியப் பெருந்தலைவர்கள் செல்வாக்கு மிக்கவர்கள். பயிற்சிக்கு அழைத்தால் வரக்கூடியவர்கள் அல்லர். பின்னர் தேர்தலே அரிதாயிற்று. 1986இல் ஒரு தேர்தல், அடுத்தது 1996இல். இடைப்பட்ட காலங்களில் உள்ளாட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தியதால் பயிற்சி என்பது அலுவலர் பயிற்சியாகவே தேங்கியது.

1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி 1996 அக்டோபரில் நடந்த தேர்தல் இதை மாற்றியது. மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள், பல ஊர்களில் முதன்முறையாகத் தலித் தலைவர்கள். மறைமலைநகரிலுள்ள மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனம் இவர்களுக்கான வகுப்புகளை மூவகையாகப் பிரிக்கிறது: பதவியேற்றதும் தரப்படும் அறிமுகப் பயிற்சி, இடையில் தரப்படும் புத்தாக்கப் பயிற்சி, குடிநீர் அல்லது கணக்கு போன்ற ஒரே பொருள் பற்றிய சிறப்புப் பயிற்சி. மாநில அளவில் முதன்மைப் பயிற்றுநர்களை உருவாக்கி, அவர்கள் வழியாக ஒன்றியங்களில் வகுப்பெடுப்பது நடைமுறை. படி இறங்க இறங்கப் பாடம் நீர்த்துப்போகிறது. கர்நாடகம் மைசூரிலிருந்து செயற்கைக்கோள் வழி வகுப்பு நடத்தியது இக்குறையைத் தவிர்க்கவே. கேரளத்தில் திருச்சூர் அருகே 1990இல் தோன்றிய ‘கிலா’ நிறுவனம் இத்துறையில் தமிழகத்தைவிட முன்னே நிற்கிறது.

ஒன்றிய அலுவலகக் கூட்டரங்கில் நடக்கும் வகுப்பில் இரண்டு இடங்களில்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவர். ஒன்று, காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும் என்ற விதி. துணைத் தலைவர் எதிரணி என்றால் ஊராட்சியே முடங்கும். மற்றொன்று, தலைவரைப் பதவிநீக்க மாவட்ட ஆட்சியருக்கு வழிதரும் 205ஆம் பிரிவு. ஊராட்சி பராமரிக்க வேண்டிய 31 பதிவேடுகளைப் பற்றிய பாடம் ஊராட்சி செயலருக்கு உரியதாகக் கருதப்பட்டு, தலைவர்கள் தேநீருக்கு எழுந்துவிடுவர். பெண் தலைவருடன் வரும் கணவரை வெளியே உட்காரவைக்க வேண்டும் என்ற அறிவுரை எல்லா இடத்திலும் பின்பற்றப்படுவதில்லை.

அரசுக்கு வெளியே இரு முயற்சிகள் தனித்து நின்றன. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் க. பழனித்துரை பெண் தலைவர்களிடையே நீண்டகாலம் பணியாற்றினார். திருவள்ளூர் மாவட்டக் குத்தம்பாக்கத்தின் தலைவராக 1996இல் தேர்வான ஆர். இளங்கோ, விஞ்ஞானி வேலையை விட்டு வந்தவர், தலைவர்கள் தலைவர்களிடமே கற்க வேண்டும் என்று பஞ்சாயத்து அகாடமி தொடங்கினார். தலைவருக்குத் தலைவர் சொல்லும் பாடமே ஊன்றி நிற்கிறது.

நகர்ப்புறம்

நகராட்சி ஊழியர் பயிற்சியைப் பற்றி நூருதீன் அகமது குழு 1963இல் அறிக்கை தந்தது. கோயம்புத்தூரில் தமிழ்நாடு நகர்ப்புறவியல் நிறுவனம் உள்ளது. துப்புரவு ஆய்வாளர் வகுப்புகள் காந்திகிராமத்திலும் நடந்துள்ளன.

இன்றைய நிலை

2018 முதல் ராஷ்ட்ரிய கிராம சுவராஜ் அபியான் நிதியில் வகுப்புகள் நடைபெறுகின்றன. 2020 முதல் இ-கிராம சுவராஜ் இணையதளத்தைக் கையாளுதலும் பாடமாகியுள்ளது. 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும், 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளைத் தனி அலுவலர்கள் ஏற்றனர்.