எட்டாவது ஆளை நடக்கவிட்ட கதை

1947 ஜூன் 27. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் முதல் தேசிய இறுதிச் சுற்று தொடங்குகிறது. எட்டு அணிகள் மோதி மிஞ்சியவை இரண்டு: கிழக்கே யேல், மேற்கே கலிபோர்னியா. மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றால் கோப்பை.

யேல் அணியின் பயிற்சியாளர் ஈதன் ஆலன் 1946-இல்தான் பொறுப்பேற்றிருந்தார். சாதாரணப் பதவியல்ல அது. முன்பு அங்கே இருந்த ஸ்மோக்கி ஜோ வுட், 1912-இல் பாஸ்டன் அணிக்காக ஒரே பருவத்தில் 34 ஆட்டங்களை வென்ற பந்துவீச்சாளர். ஆலனும் சளைத்தவரில்லை. மேஜர் லீகில் 13 பருவங்கள் ஆடி, அடிக்கும் சராசரி .300 என்று முடித்தவர்.

ஆனால் அமெரிக்கச் சிறுவர்கள் அவரை அறிந்தது வேறொரு வகையில். 1941-இல் வெளிவந்த 'ஆல் ஸ்டார் பேஸ்பால்' என்ற அட்டை விளையாட்டு அவர் கண்டுபிடித்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வட்ட அட்டை. அதன் ஓரத்தில் எண்கள். 1 என்றால் ஹோம் ரன், 10 என்றால் ஆட்டமிழப்பு. அந்த ஆள் நிஜத்தில் எத்தனை முறை எப்படி அடித்தாரோ, அதே விகிதத்தில் கட்டங்கள் அகலமாகவோ குறுகலாகவோ இருக்கும். நடுவிலுள்ள முள்ளைச் சுண்டிவிட்டால் போதும். நிகழ்தகவுப் பாடத்தை இவ்வளவு ருசியாக வேறு யாரும் நடத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் வந்து சேர்ந்த மாணவர்களில் பலர் போரிலிருந்து திரும்பியவர்கள். முதல் பேஸில் நின்ற ஒல்லியான இடக்கை ஆட்டக்காரர் கடற்படை விமானி. பசிபிக் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டு உயிர் தப்பியவர். வயது 23. வீட்டில் ஒரு வயது நிறையாத மகன். அந்த ஆட்டக்காரரின் பெயர் ஜார்ஜ் புஷ். அப்பா, மகன் இருவருமே பின்னாளில் ஜனாதிபதியானார்கள். பந்தைப் பிடிப்பதில் புஷ் கெட்டி, அடிப்பதில் சுமார்தான்.

கலமசூவில் ஒரு கட்டம். கலிபோர்னியாவின் எட்டாவது ஆள் மட்டையோடு வந்தார். அடுத்து வரவேண்டியவர் பந்துவீச்சாளர். கிரிக்கெட்டில் பதினொன்றாவதாக வருபவரைப் போல, அன்றைய பேஸ்பாலில் பந்துவீச்சாளருக்கு மட்டை அவ்வளவாக வராது. ஆகவே எட்டாவது ஆளுக்கு வேண்டுமென்றே எட்டாத பந்துகளாகப் போட்டு முதல் பேஸுக்கு நடக்கவிட்டது யேல். அடுத்தவரைச் சுலபமாக வீழ்த்திவிடலாமே! ஆலனின் வட்ட அட்டையும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

வந்தவர் ஜாக்கி ஜென்சன், 20 வயது. அடித்த பந்து எங்கோ போய்விட்டது. அது இன்னும் கலமசூவில் உருண்டுகொண்டிருக்கிறது என்று வயதான பிறகும் சொல்லிச் சிரிப்பார் புஷ்.

கணக்கில் பிழையில்லை என்றே நினைக்கிறேன். ஜென்சன்தான் கணக்கில் அடங்காத ஆள். அமெரிக்கக் கால்பந்திலும் நட்சத்திரம். 1958-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக ஆடி அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கியது பந்து வீசி அல்ல, அடித்துத்தான். விமானம் ஏறப் பயந்தே ஆட்டத்தை விட்டார் என்பது தனிக்கதை. தொலைக்காட்சி பரவாத காலத்தில், கண்டத்தின் அந்தக் கரையில் ஒரு மாணவன் எப்படி அடிக்கிறான் என்று இந்தக் கரையில் எப்படித் தெரியும்?

முதல் ஆட்டம் 17-4, இரண்டாவது 8-7. கோப்பை கலிபோர்னியாவுக்கு.

மறு ஆண்டு புஷ் கேப்டன். 1948 ஜூன் 5 அன்று யேல் மைதானத்துக்குப் புற்றுநோயால் உருக்குலைந்த பேப் ரூத் வந்து, தன் சுயசரிதையின் கைப்பிரதியைப் பல்கலைக்கழகத்துக்காக அவரிடம் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து ரூத் இல்லை. அதே ஜூனில் யேல் மறுபடி கலமசூ போனது. இம்முறை எதிரே தென் கலிபோர்னியா. ஆளுக்கொரு ஆட்டம் வென்றபின், மூன்றாவதில் யேல் 9-2 என்று தோற்றது.

ஆலன் 1968 வரை அங்கேயே பயிற்சியாளராக இருந்தார். யேல் அந்த இறுதிச் சுற்றுக்கு 1948-க்குப் பிறகு தகுதி பெறவே இல்லை. போட்டியும் 1949-இல் விசிட்டாவுக்கும், அடுத்த ஆண்டு ஒமாஹாவுக்கும் இடம் மாறியது. ஒமாஹா கதை அடுத்த வாரம்.

(தொடரும்)