கைகாட்டியைக் கழற்றினது யாரைக் கேட்டு?

தம்புள்ளைக்கு ரயில் இல்லை. பக்கத்து ஸ்டேஷன் என்றால் ஒரு பக்கம் மாத்தளை, மற்றப் பக்கம் ஹபரணை. கோப்பிக்காக 1880 இல் மாத்தளை வரை போட்ட பாதை அங்கேயே முடிந்துவிட்டது. ஹபரணை வழியாக மட்டக்களப்புக்குப் போகிற பாதை எங்களைத் தொடாமலே போகிறது. ஏ9 வீதியும் ஏ6 வீதியும் சந்திக்கிற இடத்தில், லொறிச் சத்தத்துக்கு நடுவில் நாங்கள் இருக்கிறோம்.

அப்படிப்பட்ட ஊர்க்காரன் ரயில் சமிக்ஞையைப் பற்றி எழுதக் காரணம் 2025 ஏப்ரல் மாதத்தின் இரண்டு நாள். 5ஆந் திகதி இந்தியப் பிரதமர் மோடி கொழும்பில் இருந்தபடியே தம்புள்ளையின் 5,000 மெட்ரிக் தொன் குளிர்க் களஞ்சியத்தைத் திறந்து வைத்தார். எங்க ஊர்ல அன்றைக்கு அதுதான் பேச்சு. அடுத்த நாள் அவரும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் அநுராதபுரத்தில் இன்னும் இரண்டைத் தொடங்கி வைத்தார்கள். ஒன்று, 91.27 மில்லியன் டொலர் செலவில் சீரமைத்த மாகோ–ஓமந்தை 128 கிலோமீற்றர் பாதை. மற்றது, மாகோவிலிருந்து அநுராதபுரம் வரை புதிய சமிக்ஞைத் தொகுதியை அமைக்கும் வேலை. அதற்கு இந்திய நன்கொடை 14.89 மில்லியன் டொலர்.

புதுச் சமிக்ஞை வரப்போவது செய்தி ஆனது. பழைய சமிக்ஞை போனது எப்போதாவது செய்தி ஆனதா? இந்தக் கேள்வி மாகோவுக்கு அவ்வளவு பொருந்தாது, அங்கே பழையதுக்குப் பதிலாகப் புதியதை வைக்கிற வேலை, அவ்வளவுதான். ஓமந்தைக்கு வடக்கே போனால்தான் அது கனக்கத் தொடங்கும்.

முதலில் சமிக்ஞை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பழைய ஆட்கள் கைகாட்டி மரம் என்பார்கள். கம்பத்தில் ஒரு கை, படுத்திருந்தால் நில், சாய்ந்தால் போ. வேகமாக வருகிற ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, பிரேக் பிடித்த பிறகும் அது நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடும். டிரைவர் ஆபத்தைக் கண்ணால் கண்டு நிறுத்துவது பல நேரம் நடக்காத காரியம். அதனால் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் என்ன இருக்கிறது என்று வேறு யாரோ பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்தான் சமிக்ஞை.

பதுளை கோச்சியில் போனவர்கள் இதன் பழைய வடிவத்தைப் பார்த்திருப்பீங்க. சின்ன ஸ்டேஷனில் ரயில் மெதுவாகும்போது, நிலைய ஊழியர் பெரிய வளையம் ஒன்றை நீட்டுவார், டிரைவர் பக்கத்து ஆள் கையை நுழைத்து அதை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுப்பார். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிற காட்சி அது. வளையத்தோடு தொங்கும் பைக்குள் ஓர் உலோகத் தட்டு இருக்கும், டெப்லட் என்று பெயர். இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள இயந்திரங்கள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு தட்டு வெளியே வந்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும் வரை எந்தப் பக்கத்திலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. தட்டு இல்லாமல் ரயில் அந்தத் துண்டுக்குள் நுழையக்கூடாது. ஆகவே ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில் நேருக்கு நேர் வர வழியில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் எட்வர்ட் டயர். 1874 செப்டம்பரில் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில், தந்திச் செய்தியில் வந்த குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் செத்துப் போனார்கள். நான்கு வருடம் கழித்து டயரின் இயந்திரம் வந்தது. நானுஓயாவில் கை மாறுகிற வளையத்துக்குப் பின்னால் அந்த 25 பேர் இருக்கிறார்கள். ரயில் சமிக்ஞைகளின் வரலாற்றை எடுத்தால் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான், யாரோ செத்த பிறகு வந்தவை.

ஒரு விபத்தின் பேரில் வந்த பொருளை எடுத்துவிட வேண்டுமானால் யாரிடம் கேட்க வேண்டும்? அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 1937 இல் வந்தது. அங்கே ரயில் கம்பனிகள் தனியாருடையவை. சமிக்ஞையைப் பராமரிப்பது செலவு, ஆகவே கழற்றிவிடலாம் என்ற ஆசை அவர்களுக்கு எப்போதும் உண்டு. அரசின் அனுமதி இல்லாமல் ஒரு சமிக்ஞைத் தொகுதியை நிறுத்தவோ பெரிதாக மாற்றவோ கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. இன்றைக்கும் அப்படித்தான். எந்த இடம், எத்தனை பாதை, ஏன் எடுக்கிறோம் என்று எழுதி, வரைபடமும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். அரசு அதை அறிவித்தலாக வெளியிடும், யாரும் எதிர்த்து எழுதலாம். சமிக்ஞைத் தொழிலாளர்களின் சங்கமும் எழுதும். விண்ணப்பத்தில் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு விஷயம்: இதனால் ஓட்டத்தின் பாதுகாப்பு பாதிக்கப்படுமா, படுமென்றால் எப்படி?

அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. விண்ணப்பங்கள் பலவற்றுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பயணிகள் குறைந்தபோது நிறையச் சமிக்ஞை கழன்றும் போனது. என்னை நிறுத்தியது அந்த விதிகளில் உள்ள விலக்குப் பட்டியல். எதற்கெல்லாம் அனுமதி கேட்கத் தேவையில்லை? முறையான விசாரணை நடத்திக் கைவிட்ட பாதை என்றால் தேவையில்லை. வெள்ளம், தீ, சூறாவளி, தடம்புரள்வு போன்ற பேரழிவால் சமிக்ஞை செயலிழந்தால் தேவையில்லை. ஆனால் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது.

ஆறு மாதம். இதைப் படித்தபோதுதான் வடக்குப் பாதை ஞாபகம் வந்தது.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 1905 முதல் ரயில் ஓடியது. யாழ்தேவி 1956 இல் வந்தது. 1985 ஜனவரியில் முறிகண்டிக்குப் பக்கத்தில் யாழ்தேவி தாக்கப்பட்டது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ஓட்டம் முற்றாக நின்றது. அதன் பிறகு நடந்ததற்கு விண்ணப்பமும் இல்லை, அறிவித்தலும் இல்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. எடுத்தது ஒரு தரப்பு மட்டும் இல்லை. ஸ்டேஷன் கட்டடங்கள் குண்டுபட்டு நின்றன. ரயில் ஓடிய மேட்டில் ஆட்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், சில இடங்களில் குடியேறவும் செய்தார்கள். பாதையே போன இடத்தில் கைகாட்டி மரத்தைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்?

தலைமன்னார்ப் பாதையும் அப்படியே போனது. எங்க ஊருக்கு அதோடு ஓர் உறவு உண்டு. 1914 இல் அந்தப் பாதை வருவதற்கு முன்பு, தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, தம்புள்ளையைத் தாண்டித்தான் மாத்தளைக்குப் போனார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த நடையை நிறுத்திய ரயில் அது. அதையும் போர் தின்றது.

பாதைகள் எப்போதும் இப்படித்தான் போயின என்றும் சொல்ல முடியாது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன சின்னப் பாதை 1940களில் மூடப்பட்டது. அது ஒரு முடிவு. முடிவெடுத்தவர்களைத் திட்டலாம், காரணத்தைக் கேட்கலாம். வடக்கில் திட்டுவதற்குக்கூட ஒரு கடதாசி இல்லை.

பிறகு திரும்பி வந்தது. 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபர் 13 யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. இந்தியாவின் இர்கொன் நிறுவனம் போட்டது. நல்ல பாதை, முன்பை விட வேகமான பாதை, வர்ண ஒளிச் சமிக்ஞை. தண்டவாளத்துக்குத் தேவையானது எல்லாம் வந்தது. ஆனால் 24 வருடம் என்பது ஒரு தலைமுறை. 1990 இல் பிறந்த பிள்ளை ரயிலைப் பார்க்காமலே வளர்ந்து, கல்யாணம் கட்டி, மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டது. ரயில் மேட்டைக் குறுக்கே வெட்டிப் புதுப் பாதைகள் வந்துவிட்டன. அந்தச் சனங்களுக்கு நடுவால், வேலி இல்லாமல், பழைய ரயிலை விட வேகமாக ஒன்று போகத் தொடங்கியது.

வடக்குப் பத்திரிகைகளில் "பாதுகாப்பற்ற புகையிரதக் கடவை" என்ற சொல் ஒரு நிரந்தரத் தலைப்பு ஆகிவிட்டது. 2019 ஜூன் மாதம் கிளிநொச்சியில் கடவையைத் தாண்டிய இராணுவ வாகனத்தில் ரயில் மோதிச் சிப்பாய்கள் செத்தார்கள். சாதாரண சனங்கள் ஒருவர் இருவராகச் சாகிறபோது அது உள்பக்கச் செய்தி. கடவைக்கு ஆள் போட்டார்கள்தான். எப்படி? பொலிஸ் வழியாக, நாளுக்கு 250 ரூபாய் கொடுப்பனவில். சமிக்ஞையோடு இணைந்த கேட் இல்லாத இடத்தில், வெயிலில் நிற்கிற ஒரு மனுஷன்தான் சமிக்ஞை. அவர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: சமிக்ஞை இருந்தால் மட்டும் விபத்து நடக்காதா? நடக்கும். 2011 செப்டம்பரில் அலவ்வையிலும், 2014 ஏப்ரல் 30 பொத்துஹெரவிலும் ரயிலும் ரயிலும் மோதின. இரண்டுமே சமிக்ஞை உள்ள பாதைகள். 2005 இல் பொல்கஹவெலவுக்குப் பக்கத்தில், யங்கல்மோதர கடவையில் பஸ்ஸில் ரயில் மோதி 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அங்கெல்லாம் "சமிக்ஞை என்ன சொன்னது, யார் அதை மீறினது" என்று கேட்க முடியும். இல்லாத சமிக்ஞையை யாரும் மீற முடியாது. அதனால் சாகிறவர் மேலேயே பழி விழுகிறது: கவனமில்லை, இயர்போன் போட்டிருந்தார், அவசரப்பட்டார்.

எடுப்பது மட்டுமில்லை, மாற்றுவதும் அதே அளவு ஆபத்து. 2023 ஜூன் 2, ஒடிசாவின் பாலசோர். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், நேராகப் போகலாம் என்ற பச்சையைப் பார்த்துக்கொண்டே பக்கப் பாதைக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒரு கடவை கேட்டை மாற்றும் வேலையிலும், அதற்கு முன்பே சமிக்ஞைச் சுற்றில் செய்த மாற்றத்திலும் இருந்த பிழைகளை விசாரணை சுட்டிக்காட்டியது. விசாரித்தவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சின் கீழ் வருபவர் அல்ல, சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சின் கீழ் வருபவர். கேட்டால் சிரிப்பு வரும், ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? ஓட்டுகிறவனே தன்னை விசாரிக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

இலங்கையில் ரயிலை ஓட்டுவதும், சமிக்ஞையை வைப்பதும் எடுப்பதும், அது சரியா என்று பார்ப்பதும் ஒரே திணைக்களம். அதற்கு வெளியே நின்று "முடியாது" என்று சொல்லக்கூடிய ஓர் அமைப்பு இங்கே இல்லை. அமெரிக்கா கம்பனிகளை நம்பாமல் சட்டம் போட்டது. நாங்கள் அரசாங்கம் ஓட்டுகிற ரயில்தானே என்று நம்பி விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். போர் முடிந்து பாதை திரும்பி வந்தபோதாவது, எந்தெந்தக் கடவையில் முன்பு கேட் இருந்தது, இப்போது எங்கே இல்லை, ஏன் இல்லை என்று ஒரு பட்டியல் ஊர்ச்சனத்தின் முன்னால் வைக்கப்பட்டிருக்கலாம். ரிப்பன் வெட்டுகிற விழாவில் அந்தப் பட்டியலுக்கு இடமில்லாமல் போயிற்று.

தம்புள்ளைக்கும் ரயில் வரும் என்று சொல்கிறார்கள். குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாக ஹபரணைக்கு ஒரு பாதை, திட்டம் பல வருடமாகக் கடதாசியில் இருக்கிறது. வந்தால் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வருகிற லொறிகளும், குளங்களுக்கு நடுவால் ஓடுகிற சின்ன வீதிகளும் அதை எத்தனை இடத்தில் வெட்டும்? யானை கடக்கிற இடங்களைச் சேர்க்காமலே கேட்கிறேன்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். திட்டமிட்ட பாதையில் எத்தனை கடவை, அவற்றில் எத்தனை கேட்டும் சமிக்ஞையும் உள்ளவை என்று முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியை அந்த அமெரிக்கப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்து, சிங்களத்தில் எப்படி எழுதுவது என்று நேற்று இராத்திரி வரை சண்டை பிடித்தோம். இன்னும் முடியவில்லை.