லூகர் கைத்துப்பாக்கி

லூகர், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மன் படைகள் பயன்படுத்திய அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி. தரைப்படையில் இதற்கு பி08 என்று பெயர். பழைய படைக்கலன்களைச் சேகரிப்போர் பெரிதும் தேடுபவற்றுள் ஒன்று.

தோற்றம்

ஹூகோ போர்ஹார்ட் 1893இல் வடிவமைத்த கைத்துப்பாக்கியே இதற்கு மூலம். அது அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொண்டது. ஆனால் கையாள முடியாத அளவுக்குப் பருமன். பெர்லினின் டி.டபிள்யூ.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்திரியர் கியோர்க் லூகர் (1849–1923), பின்புறம் துருத்திய வில்லைக் கைப்பிடிக்குள் அடக்கி, கைப்பிடியையும் சாய்வாக அமைத்தார். சுவிட்சர்லாந்து 1900இல் 7.65 மி.மீ. வகையை ஏற்றது. 9 மி.மீ. வகையை ஜெர்மன் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் ஏற்றன. இதற்கென உருவான 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது.

அமைப்பு

இதன் தனித்தன்மை, முழங்கால்போல் மடங்கும் பூட்டு. சுட்டதும் குழலும் பூட்டும் சேர்ந்தே சிறிது பின்வாங்கும். பூட்டின் இருபுறக் குமிழ்கள் சட்டத்தின் சரிவில் மோத, மூட்டு மேல்நோக்கி மடங்கி வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும். கைப்பிடியிலுள்ள வில் மூட்டை மீண்டும் நிமிர்த்தும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். மேகசினில் 8 தோட்டாக்கள் கொள்ளும். குழலின் நீளம் தரைப்படை வகையில் 100 மி.மீ., கடற்படை வகையில் 150, பீரங்கிப் படை வகையில் 200. கடைசி வகைக்குத் தோளில் அணைக்கும் மரக்கட்டையும், முதல் உலகப்போரின்போது 32 தோட்டா கொள்ளும் நத்தை வடிவ மேகசினும் உண்டு.

தயாரிப்பு

உறுப்புகளைக் கையால் இழைத்துப் பொருத்தவேண்டியிருந்ததால், ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் சரியாக அமரும் என்பதற்கு உறுதியில்லை. எனவே வரிசை எண்ணின் கடைசி இரு இலக்கங்களைச் சிறு உறுப்புகளிலும் பொறித்தனர். டி.டபிள்யூ.எம்., எர்ஃபுர்ட் படைக்கலச் சாலை ஆகியவற்றுக்குப் பின், ஜெர்மனியின் படைபலத்தைக் கட்டுப்படுத்திய வெர்சாய் உடன்படிக்கைக் காலத்தில் சிம்சன் நிறுவனமும், 1930 முதல் மவுசரும் தயாரித்தன. படைப்பெருக்கத்தை மறைக்க மவுசர் தன் பெயருக்குப் பதில் ‘எஸ்/42’ என்றும், 1934க்கு ‘கே’, 1935க்கு ‘ஜி’ என்றும் குறியீடு இட்டது. செலவு மிகுந்ததால், எளிதாகத் தயாரிக்கத்தக்க வால்தர் பி38 வகையை 1938இல் படை தேர்ந்தது. மவுசர் 1942இல் படைக்கான லூகர் தயாரிப்பை நிறுத்தியது.

சேகரிப்பு

தயாரிப்பில் சுமையாக இருந்த அதே எண்களே இன்று சேகரிப்பாளருக்குச் சான்று. எல்லா உறுப்புகளிலும், மேகசினின் அடியிலும் எண் ஒத்துவந்தால் மதிப்பு உயரும். தோட்டா அறையின் மேல் 1917உடன் 1920ஐயும் கண்டால், அது போருக்குப் பின் அரசுச் சொத்தாக முத்திரையிடப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத் துப்பாக்கிகளில் விசை, பாதுகாப்புத் தாழ் போன்ற சிறு உறுப்புகள் வைக்கோல் நிறத்தில் இருக்கும். அவையும் நீலமாக இருந்தால் பின்னாளில் மறுபூச்சு நடந்திருக்கலாம். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருப்பதும் மெருகேற்றியதன் தடயமே. புதிதுபோல் மினுக்கியதைவிட, நிறம் மங்கினாலும் எண்கள் ஒத்த துப்பாக்கிக்கே விலை கூடுதல்.