முறைப்பாடும் முறைசெய்தலும்

கண்டி மாநகரின் கிழக்கே, மகாவலி கங்கையை அண்டியுள்ள குண்டசாலை ஒரு காலத்தில் மன்னன் உறைந்த ஊராகும். 1707 முதல் 1739 வரை ஆட்சிபுரிந்த நரேந்திரசிங்கன் அங்கு அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால், குண்டசாலை மன்னன் என்றே அழைக்கப்பட்டான். அவனுக்குப் பின்னரே நாயக்க வமிசத்தார் கண்டி அரியணை ஏறினர்.

கண்டி இராச்சியத்தில் அதிகாரிகளால் இன்னலுற்ற குடிமகன் அரசனிடம் நேரே முறையிட வழியிருந்தது. அரசன் வெளியே செல்லுங்கால் அவன்முன் வீழ்ந்து வணங்கலாம். அரண்மனைக்கு அருகிலுள்ள மரத்தின்மீதேறித் தன் குறையை உரத்துக் கூறலாம். கண்டியரின் ஆட்சிமுறையை எழுதிவைத்த ஜோன் டொயிலி இவ்வழக்கங்களைக் குறிப்பிடுகின்றார். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை அறிந்த தமிழருக்கு இது வியப்பளிக்காது. ஆயினும் மணியோசையும் மரத்துக் கூக்குரலும் அரசனின் அருளையே நம்பியிருந்தன. கேட்கவேண்டும் என்ற கடப்பாடு அவனுக்கு இருக்கவில்லை.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டியிற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை, உடலை வருத்தும் சித்திரவதைகளையும் உறுப்புக்களைச் சிதைத்தலையும் ஒழித்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடைசெய்தது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனவே, தடைவிதிகளுக்குக் குறைவிருந்ததில்லை. மீறியவரைப் பற்றி எங்கே முறையிடுவது என்பதே விடையற்ற வினாவாக இருந்தது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்வழி உருவான படை, மேலிருந்து வரும் கட்டளைக்குப் பணியும் அமைப்பாகவே வளர்ந்தது. பொலிசாரால் துன்புற்றவன் பொலிஸ் நிலையத்திற்கே செல்லவேண்டியிருந்தது.

2001ஆம் ஆண்டு நிறைவேறிய 17ஆவது திருத்தம் இக்குறையை நீக்க முற்பட்டது. பல தரப்பினரையும் கொண்ட அரசியலமைப்புப் பேரவையின் விதப்புரையின்படி, எழுவர் அடங்கிய தேசிய பொலிஸ் ஆணைக்குழு 2002 நவம்பரில் அமைந்தது. சட்டத்தரணி ரஞ்சித் அபேசூரிய அதன் முதல் தலைவரானார். பொலிஸ் மா அதிபர் தவிர்ந்த ஏனைய அலுவலரின் நியமனம், பதவியுயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை ஆகியன அதன் பொறுப்பாயின. இடமாற்றம் என்பது அரசியல்வாதியின் கையிலுள்ள சாட்டையாக இருந்த நாட்டில் இது சிறிய மாற்றமன்று. பொதுமக்களின் முறைப்பாடுகளை ஏற்று விசாரிக்க நடைமுறை வகுத்தலும் அதன் கடமையாயிற்று.

ஆண்டுதோறும் அது ஆற்றும் பணி ஆரவாரமற்றது. முறைப்பாடுகளைப் பதிதல், அறிக்கை கோருதல், ஒழுக்காற்று விடயங்களை ஆராய்தல், ஈற்றில் ஆண்டறிக்கை வெளியிடல் என்பனவே அதன் சுற்று. ஆயினும், அதன் வலிமை இந்தச் சுற்றில் மட்டும் தங்கியிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டு பேரவையின் பதவிக்காலம் முடிந்தும் புதியது அமையவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஆணைக்குழுவின் காலமும் முடிவுற்றது. 2006இல் ஜனாதிபதி தாமே நேரடியாக உறுப்பினரை நியமித்தார். முறைப்பாட்டு விசாரணைக்கான நடைமுறை விதிகள் 2007இல் வர்த்தமானியில் வெளியானமை இங்கு நோக்கற்பாலது. விதி வந்தது, விதியைக் காக்கும் சுதந்திரம் அதற்கு முன்னரே சென்றுவிட்டது.

2010இல் 18ஆவது திருத்தம் ஆணைக்குழுவின் அதிகாரங்களைக் குறைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் அவற்றை மீட்டது. 2020இல் 20ஆவது திருத்தம் பேரவையை அகற்றி, கருத்துரைக்க மட்டுமே வல்ல நாடாளுமன்றப் பேரவையை வைத்தது. 2022இல் 21ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீண்டும் நிறுவியது. இருபதாண்டு எல்லைக்குள் ஒரு நிறுவனம் இத்தனைமுறை சாய்ந்தும் நிமிர்ந்தும் நின்றதெனின், அதனை நியமிப்பவர் யார் என்பதே அதன் உயிர்நாடி என்பது தெளிவு.

மற்றுமொரு குறையும் உளது. முறைப்பாட்டை ஆராயுமிடத்து ஆணைக்குழு பொலிசாரின் அறிக்கையையே பெரிதும் சார்ந்திருக்க நேர்கின்றது. தமிழகத்திலும் இதனையொத்த சிக்கல் காணப்படுகின்றது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சுதந்திரமான புகார் ஆணையங்களை அமைக்கப் பணித்தது. ஆனால் தமிழக அரசின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், மாநில ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலாளரிடமே ஒப்படைத்தது. குற்றஞ்சாட்டப்பட்ட துறையை நடத்துபவரே அதனை விசாரிக்கும் நிலை, நடுவுநிலைமைக்கு நன்றன்று.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில், குண்டசாலைக்கு அணித்தான திகனையில், முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பொலிசார் உரிய வேளையில் காத்தனரா என்ற வினாவைப் பாதிக்கப்பட்டோர் எழுப்பினர். இத்தகைய வினாவைத் தம் மொழியிலேயே எழுதித் தருவதற்கும், அதற்கு விடை பெறுவதற்கும் மக்களுக்கு உரிமையுண்டு. தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாயிற்று. ஆகவே இது சலுகையன்று.

மரத்திலேறிக் கூவியவனுக்கு அரசனின் செவி ஒன்றே கதியாயிருந்தது. இன்றைய குடிமகனுக்குச் சட்டமும் ஆணைக்குழுவும் ஆண்டறிக்கையும் உள. அவ்வறிக்கையை எவரும் வாசிக்காது, அதிலுள்ளவற்றைப் பற்றி எவரும் வினவாது விடின், அவன் மீண்டும் மரத்தடிக்கே திரும்ப நேரும். வரலாறு புகட்டும் பாடம் இதுவேயாகும்.