கைகள் தந்த மூச்சு

மூச்சு விடுவதை நாம் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. உறக்கத்திலும் அது ஓய்வதில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் என்னும் தசை கீழிறங்குகிறது. விலா எலும்புகள் விரிகின்றன. மார்பினுள் அழுத்தம் குறையவே, வெளிக்காற்று தானாக உட்புகுகிறது. இத்தசைகள் செயலற்றுப் போனால் என் செய்வது? இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் விடை கண்ட வரலாற்றை இங்கு நோக்குவோம்.

1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிலிப் டிரிங்கர் என்பார் 'இரும்பு நுரையீரல்' என்னும் கருவியைப் பயனுக்குக் கொணர்ந்தார். இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் முடங்கிய நோயாளியைத் தலை மட்டும் வெளியே இருக்க ஒரு பெரிய உலோகப் பெட்டியினுள் கிடத்துவர். பெட்டியினுள் அழுத்தத்தைக் குறைத்தால் மார்பு விரியும். காற்று உள்ளே செல்லும். அழுத்தத்தைக் கூட்டினால் மார்பு சுருங்கும், காற்று வெளியேறும். இது பலர் உயிரைக் காத்தது. ஆயினும், தொண்டையும் முடங்கியோர்க்கு இது போதவில்லை. விழுங்க இயலாத உமிழ்நீர் அவர்கள் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலை அடைத்தது.

1952-ஆம் ஆண்டுக் கோடையில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனை இந்நோய் கடுமையாகத் தாக்கியது. நோயாளிகள் வந்து குவிந்த பிளெக்டாம் மருத்துவமனையில் இரும்பு நுரையீரல் ஒன்றும், மார்புக் கவசம் போன்ற சிறு கருவிகள் ஆறுமே இருந்தன. முதல் மூன்று வாரங்களில் மூச்சு முடங்கிய 31 பேரில் 27 பேர் மூன்றே நாட்களுக்குள் மாண்டனர்.

தலைமை மருத்துவர் லாசன், மயக்க மருந்து வல்லுநரான பியோன் இப்சனை அழைத்து ஆலோசனை கேட்டார். நோயாளிகளின் இரத்தத்தில் காரம் மிகுந்துவிட்டதாகவே அதுவரை மற்றவர்கள் கருதிவந்தனர். மூச்சு போதாமையால் கரியமிலவாயு வெளியேறாது தேங்குகிறது என்பதை இப்சன் உணர்ந்தார். ஆகஸ்ட் 27-ஆம் நாள், மரணத்தின் வாயிலில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டது. தேங்கிய நீரை உறிஞ்சியெடுத்தபின், ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவள் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார் இப்சன். அவள் பிழைத்தாள். மார்பை வெளியிலிருந்து விரிக்கும் முறைக்கு மாறாக, காற்றை உள்ளே செலுத்தும் முறை இவ்வாறு வெற்றி கண்டது.

ஆனால் அப்பைகளை ஓயாமல் அமுக்குவதற்குப் பொறி ஏது? மருத்துவ மாணவர்கள் முன்வந்தனர். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்து நோயாளிகளின் அருகே அமர்ந்தனர். ஒரே வேளையில் 70 பேர் வரை அவர்களுடைய கைகளால் மூச்சு விட்டனர். குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டியவாறே பையை அமுக்கியோரும் உண்டு. பல மாதங்களில் அவர்கள் அளித்த உழைப்பு 1,65,000 மணி நேரம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு, நாளடைவில் ஏறக்குறைய 25 ஆகத் தாழ்ந்தது.

மாணவர் கை செய்த தொழிலைப் பின்னர்ப் பொறிகள் ஏற்றன. சுவீடன் நாட்டு மருத்துவர் எங்ஸ்ட்ரோம் அமைத்த பொறி அவற்றுள் புகழ்பெற்றது. 1953-இல் இப்சன் கோபன்ஹேகனில் தொடங்கிய தனிப்பிரிவே, இன்று நாம் 'ஐ.சி.யூ.' என வழங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முன்னோடியாயிற்று.

நம் நாட்டில் இளம்பிள்ளை வாதம் கடைசியாக 2011-இல் மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் காணப்பட்டது. 2014-இல் இந்தியா அந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. ஆயினும் 2020-இல் பரவிய கொரோனாத் தொற்று 'வெண்டிலேட்டர்' என்னும் சொல்லை இல்லந்தோறும் அச்சத்துடன் ஒலிக்கச் செய்தது. அக்கருவியில் வைத்துவிட்டாலே எல்லாம் முடிந்தது என எண்ணுவோர் பலர். அஃது அவ்வாறன்று. அது நோயைத் தீர்ப்பதும் இல்லை. மருந்தும் உடலும் தம் வேலையைச் செய்து முடிக்கும்வரை மூச்சுச் சுமையைத் தான் தாங்கி நிற்கிறது. எல்லோரையும் காக்க இயலாவிடினும், பலருக்குக் காலத்தை ஈட்டித் தருகிறது. உறவினர் ஒருவர் அக்கருவியின் துணையால் மூச்சு விடும்போது, ரப்பர்ப் பையை இறுகப் பற்றிய அம்மாணவர் கைகளை நாம் நினைவுகூர்வோமாக.