ஊரும் காலனியும்: வானூர் வட்டாரத்தில் ஒரு சமத்துவபுரம்

மக்கள் கூடி வாழும் முறையை அரசு சட்டத்தாலும் பணத்தாலும் நிலத்தாலும் திட்டமிட்டு மாற்றுவதே சமூகப் பொறியியல். அமெரிக்கச் சட்ட அறிஞர் ராஸ்கோ பவுண்ட், 1922இல் வெளிவந்த நூலில் சட்டத்தையே இத்தகைய பொறியியலாக விளக்கினார். சென்னை மாகாணத்தில் அதற்கு ஓராண்டு முன்பே, 1921இல், நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி அரசாணையைப் பிறப்பித்திருந்தது. அதில் தொடங்கி வளர்ந்த இடஒதுக்கீடு வேலையையும் கல்வியையும் பங்கிட்டது. குடியிருப்பை அது தொடவில்லை.

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் உள்ள கிளியனூரைச் சுற்றிய தென்னார்க்காட்டுப் பகுதியில் சாதியைத் தரையிலேயே காணலாம். ஊர் ஒருபுறம், பழைய சேரியான காலனி மறுபுறம், சுடுகாடும் தனித்தனி. யார் எங்கே வசிக்கிறார் என்பதே அவர் யார் என்று சொல்லிவிடும். இந்தப் பிரிவினை வன்முறைக்கும் வழிவிட்டது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நடந்த கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டனர்.

தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்ட 1997இல், முதல்வர் மு. கருணாநிதி பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தார். முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10. ஒரு சாதியார் ஒரே தெருவில் குவியாதபடி வீடுகளைக் கலந்து ஒதுக்குவதே திட்டத்தின் உயிர். சுடுகாடும் எல்லாருக்கும் பொது. இறந்த பின்னும் பிரித்துவைக்கும் வழக்கத்தைக் குறிவைத்த இந்த விதி, வீட்டு ஒதுக்கீட்டைவிடத் துணிச்சலானது. சிங்கப்பூர் அரசு 1989 முதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் விகிதத்துக்கு வரம்பு வைத்திருப்பதும் இதே வகை முயற்சிதான். அங்கே நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் அரசுக் குடியிருப்பில் வாழ்கிறார்கள்; தமிழ்நாட்டிலோ ஒரு சமத்துவபுரத்துக்கு நூறு குடும்பங்களே இதில் சேர்ந்தன.

கிளியனூர் அடங்கிய வானூர் பகுதியில், கொழுவாரியில் ஒரு சமத்துவபுரம் கட்டப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் அது ஏறத்தாழ பத்தாண்டு திறக்கப்படாமல் கிடந்தது. 2022 ஏப்ரல் 5 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அதைத் திறந்து, பெரியார் சிலையையும் திறந்துவைத்தார். ஆட்சியின் விருப்பத்தை நம்பி நிற்கும் சீர்திருத்தம் ஆட்சியோடு முடங்கும் என்பதற்கு அந்தப் பூட்டிய வீடுகளே சான்று. திறந்த வீடுகளிலும் அரசின் கை ஓரளவுக்குத்தான் எட்டும். யாருக்கு யார் அண்டைவீட்டார் என்பதை அரசாணை தீர்மானிக்கலாம்; பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் உறவுமுறைதான் இன்னும் தீர்மானிக்கிறது.