கல்வட்டமும் விருந்தினர் மனையும்

பழம்பெருஞ் சின்னங்களுக்குப் பகைவர் இருவகையினர். அவற்றை மதியாதார் ஒரு வகையினர். அளவிறந்து நேசிப்போர் மற்றொரு வகையினர். இவ்வுண்மைக்கு இங்கிலாந்தின் சோல்ஸ்பரிச் சமவெளியிலுள்ள ஸ்டோன்ஹெஞ் எனும் கல்வட்டம் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்னர், இரும்பறியாத மக்கள் அங்கே பெருங்கற்களை நிறுத்தினர். அவற்றுட் சில 25 தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையவை. சிறிய நீலக்கற்களோ 150 மைலுக்கு அப்பாலுள்ள வேல்ஸ் நாட்டு மலைகளிலிருந்து கொணரப்பட்டவை.

1915-ல் இவ்விடத்தை ஏலத்தில் வாங்கிய செசில் சப் என்பார், 1918-ல் அதனை நாட்டுக்கு நன்கொடையாக வழங்கினார். காண வருவோர் தொகை பெருகிற்று. கற்களின் அருகே, வீதியின் மறுபுறத்தில், வாகனத் தரிப்பிடமும் வசதிக் கட்டடங்களும் எழுந்தன. தரிப்பிடத்தை விரிப்பதற்காக 1966-ல் நிலத்தை அகழ்ந்தபோது, பெரிய மரத்தூண்கள் நாட்டப்பட்ட குழிகள் வெளிப்பட்டன. அவை கல்வட்டத்தினும் பல்லாயிரம் ஆண்டு மூத்தவை! எனினும் தரிப்பிடம் அமைந்தது. குழிகள் இருந்த இடங்களை வெள்ளை வட்டங்களே காட்டி நின்றன. கல்வட்டத்தை நாடிவரும் தொன்மையான ஊர்வலப் பாதையையோ வீதி குறுக்கே துண்டித்தது. 1993-ல் பாராளுமன்றப் பொதுக்கணக்குக் குழு இந்நிலையை நாட்டுக்கே இழுக்கு எனக் கண்டித்தது.

இருபது ஆண்டுகள் கழிந்தே பரிகாரம் வந்தது. 2013 டிசம்பரில் புதிய விருந்தினர் மனை திறக்கப்பட்டது. அது கற்களிலிருந்து ஒன்றரை மைல் தொலைவில், அவற்றின் பார்வைக்கு எட்டாதவாறு அமைந்துள்ளது. இருநூற்றுக்கு மேற்பட்ட மெல்லிய தூண்கள், நிலத்தின் மேடுபள்ளத்தைப் போல வளைந்த ஒரு கூரையைத் தாங்குகின்றன. அதன் கீழே கண்ணாடியாலான கூடமொன்றும் மரத்தாலான கூடமொன்றும் உள்ளன. அத்திவாரம் ஆழமற்றது, வேண்டாதபோது நிலத்திற் பெருந்தழும்பின்றி அகற்றத்தக்கது. புறத்தே, அயலிடமான டரிங்ரன் அகழ்வுகளிற் கண்ட தடயங்களைக் கொண்டு, கல்நிறுத்திய காலத்துக் குடில்கள் ஐந்து 2014-ல் அமைக்கப்பட்டன. பழைய வீதி பெயர்க்கப்பட்டுப் புற்றரையாயிற்று. அதன் அடியில் ஊர்வலப் பாதையின் அகழிச் சுவடுகள் அழியாதிருந்தமை அறியப்பட்டது.

சிக்கல் முற்றும் தீர்ந்ததென்று கூறல் இயலாது. தெற்கே செல்லும் பெருவீதியின் இரைச்சல் ஓயவில்லை. அதனைச் சுரங்கவழியிற் செலுத்தும் திட்டம் 2024-ல் கைவிடப்பட்டது. எனினும் இம்மனை ஒரு நெறியை நிலைநாட்டிற்று. பழம்பொருளின் அருகே கட்டுவோன் தன் புகழை நாட்டலாகாது. வருவோர்க்கு வழிகாட்டி, தான் விலகி நிற்றல் வேண்டும். நாலாயிரம் ஆண்டு நின்ற கல்லின் முன்னே நாம் எழுப்பும் மனை ஒரு நாள் விருந்தினனே. விருந்தினன் அடக்கமறிந்து ஒழுகுவதே அழகு.